பன்னிரண்டாவது வளையம்

எங்கள் பட்டறை வாசலில் ஆள் உயரத்தில் ஒரு பலகை உண்டு. 'இங்கே தோற்றவர் யாரும் இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். பொய் என்று சொல்லிவிட முடியாது. தோற்றவர்களை எல்லாம் நாற்காலியில் உட்கார வைத்து, தோற்காதவர்களாக ஆக்கி அனுப்புவதுதான் என் வேலை.

என் பெயர் குணாளன். துவாக்குடியில் மின்நிலையங்களுக்குக் குழாய் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் 'தெளிவு' அறையின் ஆபரேட்டர். தெளிவு என்பது முதலில் விபத்தில் பிழைத்தவர்களுக்காக வந்த வைத்தியம். மண்டையில் ஒரு பட்டையை மாட்டி, அரைமணி நேரத்தில் அந்த ஒரு நினைவை மட்டும் முள் எடுப்பதுபோல் எடுத்துவிடலாம். கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. தோற்ற வெல்டரின் கை மறுநாள் நடுங்கும், நடுங்கும் கை அடுத்த வேலையையும் கெடுக்கும், தோற்றதே ஞாபகம் இல்லையென்றால் கை ஏன் நடுங்கப்போகிறது என்று கேட்டார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது. நானும் ஆறு வருடம் நம்பினேன்.

நினைவை எடுத்தால் அந்த நாட்கள் காணாமல் போகும் அல்லவா? அதற்கு எங்கள் பட்டறையில் ஒரு பதில் உண்டு: காய்ச்சல். "நேத்து எங்க போனேன்?" என்று ஒருவர் கேட்டால், "காய்ச்சல்ல கிடந்தீங்க" என்று சொல்லவேண்டும். வீட்டிலும் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று குடும்பத்தாருக்குக் கடிதம் போகும். மீறிச் சொன்னவருக்கும் நாற்காலி உண்டு. நாளாக ஆக அது பயமாக இல்லாமல் மரியாதையாகவே மாறிவிட்டது. தோற்றவரிடம் தோற்றதைப் பேசுவது அநாகரிகம் என்று எல்லோரும் நினைக்கத் தொடங்கினார்கள்.

எனக்கும் மூன்று முறை காய்ச்சல் வந்திருக்கிறது. என்னுடையது நிஜக் காய்ச்சல். மேஜையில் மாத்திரை அட்டை பிரித்துக் கிடந்ததை நானே பார்த்தேன். அந்த நாட்களில் தலைமை அலுவலகத்திலிருந்து மாற்று ஆள் வந்து என் வேலையைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். மற்றபடி ஆறு வருடத்தில் ஒரு தவறுகூடச் செய்யாதவன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

நாற்காலியின் இடது கைப்பிடிக்கு அடியில் மூன்று சின்னக் குழிகள் இருக்கும். ஆள் தூக்கத்தில் இருக்கும் அரைமணி நேரமும் என் கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே இருக்கும். செய்தவன் குறையோடு அனுப்பிவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. சாப்பாடு முடிந்து டீயை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். டீ விஷயத்தில் நான் கொஞ்சம் மோசம். சகாயராணி அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். தோளில் இருந்த சிமெண்ட் சாக்கைத் தரையில் இறக்கினார். இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு வருட வெல்டர். அவர் போட்ட பற்றவைப்பைத் தடவிப் பார்க்கவே மற்ற வெல்டர்கள் வருவார்கள். ராமநாதபுரம் பக்கம் வரும் புது மின்நிலையத்துக்கு, வெயிலின் சூட்டைச் சேர்த்துவைக்க உருக்கிய உப்பு ஓடும் குழாய்களை நாங்கள் செய்து தரவேண்டும். புதுக் கலவை எஃகு, விரலளவு கனம். அதைத் தொடுமுன் ஒவ்வொரு வெல்டரும் ஒரு சோதனை வளையம் பற்றவைத்து, இரண்டு நாள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரே பிலிமில் தேறவேண்டும். அக்காவின் பிலிம் அன்று காலைதான் வந்திருந்தது. விரிசல். செய்தியை அவரிடம் சொல்லியாகிவிட்டது. நாலு மணிக்கு என் நாற்காலி.

தோற்றவரை நாலு மணிவரை ஓய்வறையில் உட்கார வைப்பது வழக்கம். அன்று அந்த அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன தன் வளையத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அக்கா பின்னாலிருக்கும் ஸ்கிராப் கொட்டகைக்குப் போயிருக்கிறார்.

"தம்பி, நாப்பத்தேழு யாரு நம்பரு?" என்றார்.

"உங்க நம்பர்தான்க்கா."

"எத்தனை பேருக்கு நாப்பத்தேழு குடுத்திருக்காங்க?"

"ஒருத்தருக்குத்தான்."

சாக்கைக் கவிழ்த்தார். குறுக்கே அறுத்த வளையங்கள் தரையெல்லாம் உருண்டன. எல்லாவற்றிலும் பற்றவைப்பின் ஓரத்தில் 47.

வேலை முடிந்ததும் வெல்டர் தன் எண் பொறித்த எஃகு அச்சை, பட்டறைப் பேச்சில் பஞ்சு, அதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். நாளைக்குக் குழாய் வெடித்தால் யார் கை என்று தெரியவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பழக்கம். மனிதர்களின் தலையைச் சுத்தம் செய்யத் தெரிந்த கம்பெனிக்கு இந்தப் பஞ்சு ஞாபகத்துக்கு வரவில்லை.

"பதினொண்ணு இருக்கு," என்றார் அக்கா. "நான் பண்ணது ஒண்ணு. மத்த பத்தை யாரு பண்ணது?"

என்ன பதில் சொல்லவேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். காலடிக்கு உருண்டு வந்த வளையத்தைக் குனிந்து எடுத்தேன்.

"சொல்லு தம்பி. அதட்டல, கேக்குறேன்."

"நீங்கதான்க்கா."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு இன்னொன்று.

"ஒவ்வொரு தடவையும் இதுதான் மொத தடவைன்னு நெனச்சுக்கிட்டா பண்ணேன்?"

"ஆமாக்கா. எல்லாருமே அப்படித்தான். இருபத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூட இன்னும் தேறல."

"இந்த வேலைக்கு முறை எழுதிக் குடுத்த இன்ஜினியருங்க?"

"அவங்களும் இங்கதான் வந்து உக்காருவாங்க. போயி அதே முறைய மறுபடியும் புதுசா எழுதுவாங்க."

அக்கா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"நீ கெட்டிக்காரன்டா. இருபத்திரண்டு பேரையும் ஒரே பள்ளத்துல தினம் விழவச்சு, தினம் மண்ணைத் தட்டி விட்டிருக்க."

எனக்குச் சுருக்கென்றது. சுடவேண்டிய சொல்தான், சுட்டது.

தோற்ற வளையத்தை அறுத்து, அமிலம் தடவிப் படம் எடுத்துவிட்டுத்தான் எறிவார்கள். அமிலம் பட்ட இடத்தில் பற்றவைப்பின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். மொத்தம் எட்டு அடுக்கு. அக்கா வளையங்களைத் தேதிவாரியாக வரிசை வைத்தார். தேதி ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. பிறகு குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து அடுக்குகளை எண்ணினார்.

"இங்க பாரு. விரிசல் எங்க ஆரம்பிக்குது?"

"மூணாவது அடுக்குக்கு மேல."

"இது?"

"இதுவும் மூணு."

பத்து வளையத்திலும் மூன்றாவது அடுக்குக்கு மேலேதான் விரிசல் முளைத்திருந்தது. கை நடுங்கினால் கண்ட இடத்தில் அல்லவா விரிய வேண்டும்? ஒரே ஒரு வளையம் மட்டும் மாறுபட்டது. அதில் விரிசல் ஐந்தாவது அடுக்குக்கு மேல் இருந்தது.

"இது என்னைக்குப் பண்ணது? பிப்ரவரி பதினொண்ணு. அன்னைக்கு என்ன நடந்துச்சு? எனக்குத்தான் தெரியாது, உனக்குத் தெரியணுமே."

எனக்குத் தெரிந்திருந்தது. என் தலையில் வேறு எது நிற்கிறதோ இல்லையோ, அன்று பால்வண்டி வரவில்லை. பத்தரை மணி டீ பதினொன்றேகாலுக்குத்தான் வந்தது. அந்த முக்கால் மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதைச் சொன்னதும் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீக்கு மணி அடிச்சா என்ன பண்ணுவோம்?"

"டீ குடிப்போம்."

"அதுக்கு முன்னாடி."

"சூப்பர்வைசர் கேஸை மூடுவார்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. இந்த எஃகைச் சுடவைத்துக்கொண்டேதான் பற்றவைக்க வேண்டும். கீழே பர்னர் எரிந்துகொண்டே இருக்கும். எப்போதோ எல்லோரும் டீக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பர்னர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டதாம். அதிலிருந்து, கேண்டீன் தனபாக்கியம் அம்மா டீ கொதித்ததும் மணி அடிப்பார், மணி அடித்ததும் மொத்தப் பட்டறைக்கும் கேஸ் மூடப்படும். கால் மணி நேரம் குழாய் ஆறும். ஆறிய இரும்பின் மேல் நாலாவது அடுக்கைப் போடுவார்கள். உள்ளே அது அப்போதே மனசு விட்டுவிடும். வெளியே தெரிய இரண்டு நாளாகும். தெரியும்போது பற்றவைத்த நாளையும் சேர்த்து நான் எடுத்துவிடுவேன். பிறகு டீயையும் விரிசலையும் யார் சேர்த்துப் பார்ப்பது?

மணி மூன்றரை ஆகியிருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அக்கா, ஒண்ணு பண்ணுவோம். நீங்க வந்து உக்காருங்க, பட்டையை மாட்டுறேன், ஆனா போடமாட்டேன். எந்திரிச்சுப் போயி காய்ச்சல்னு சொல்லிக்கங்க. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், யாருக்கும் தெரியாது."

"மத்த இருபத்தோரு பேரு?"

கையிலிருந்த பட்டையைக் கொக்கியில் மாட்டினேன்.

"எம்மவ ஜெனிட்டாவுக்குப் பன்னெண்டு வயசு," என்றார். "ஸ்கூலுக்குப் போகாம எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்திருக்கா. 'காய்ச்சல்மா, படுத்துக்க'ன்னு நெத்தியில துணிய நனைச்சுப் போட்டிருக்கா. பத்து தடவை. காய்ச்சலே இல்லாத நெத்தியில. அந்தப் புள்ளை மூஞ்சிய எப்படி வச்சுக்கிட்டுப் பொய் சொல்லிருக்கும்? இன்னைக்கி நான் போயி அவளுக்குப் பொய் சொல்றதா? ஒளிஞ்சு உக்கார வேண்டியது நான் இல்ல தம்பி."

நாற்காலியை இயக்க உட்காருபவரின் பெருவிரல் ரேகை வேண்டும். சட்டம் அப்படி. சம்மதம் இல்லாமல் யாரையும் தொடமுடியாது. சம்மதிக்காவிட்டால் வேலை போகும், அவ்வளவுதான்.

"பத்து தடவையும் நானே வெரல் வச்சனா?"

"ஆமாக்கா."

அவர் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். தீப்பொறி பட்டுப் பட்டு ரேகையே பாதி அழிந்த விரல். "இனிமே வைக்காது," என்றார்.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மேலாளர் கிரிதரன் சாரின் அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், டீக்கு முன் எனக்குத் தைரியம் அதிகம் என்று சொல்லலாம். உண்மையில் கால் தானாகப் போனது.

கிரிதரன் சார் கெட்டவர் இல்லை. சட்டையில் கசங்கல் விழாத மனிதர். மேஜை நிறைய வளையங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"குணாளன், இவங்களுக்கு யார் சொன்னது?"

"வளையம் சொல்லுச்சு சார்," என்றார் அக்கா. "தம்பிய விடுங்க. நாளைக்கு எனக்கு ஒரு வளையம் குடுங்க. டீக்கு கேஸை மூடாதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

"ரூல் அது. உங்க ஒருத்தருக்காக மாத்த முடியாது."

"மாசக் கடைசிக்குள்ள குழாய் போகணும்ல? கையில எத்தனை வெல்டர் வச்சிருக்கீங்க சார்? ஒண்ணுகூட இல்ல."

கிரிதரன் சார் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார். "கேஸ் மூடறதுல கை வைக்க மாட்டேன். உங்களுக்கு ஒரு வளையம் தர்றேன், சூடா வச்சுக்கறது உங்க பாடு. ஆனா பிலிம்ல ஒரு குறை வந்தாலும் நீங்க விரல் வைக்கணும். இந்த வளையம், இந்தப் பேச்சு எல்லாத்தையும் எடுத்துடுவோம்." என் பக்கம் திரும்பினார். "உனக்கும் சேர்த்துத்தான்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா பன்னிரண்டாவது வளையத்தைத் தொடங்கினார். பத்தேகாலுக்கு மூன்றாவது அடுக்கு முடியும் நிலை. நான் கேண்டீனுக்கு ஓடினேன். தனபாக்கியம் அம்மா பாத்திரத்தின் முன் கரண்டியோடு நின்றார். விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னேன்.

"எம்மணியாலயா இத்தனை பேரும் தோத்தாங்க?" என்று கேட்டார்.

"உங்க மணியால இல்லம்மா. மணி அடிச்சா கேஸை மூடுறதால."

"ரெண்டும் ஒண்ணுதான்." கொதிக்கப்போன டீயை அப்படியே இறக்கி வைத்தார். "அடுப்பைத் தூக்கு."

சிலிண்டரை நானும் அடுப்பை அவருமாகத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனோம். பத்தரை ஆனதும் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்து, மணிக்காகக் காத்து, டீ அடுப்பே உள்ளே வந்து நிற்பதைப் பார்த்து மணி வராமலே கேஸை மூடினார். பர்னர் அணைந்தது. தனபாக்கியம் அம்மா டீ அடுப்பைக் குழாய்க்குக் கீழே தள்ளிப் பற்றவைத்தார். அக்கா ஹெல்மெட்டைத் தூக்கவே இல்லை. நாலாவது அடுக்கு ஏறத் தொடங்கியது. டீ இல்லாத அந்தக் காலையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. என் தலை மட்டும் வலித்தது.

முடிந்ததும் அக்கா பஞ்சை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை பிலிம் வந்தது. நான்தான் வாங்கி வந்தேன். விளக்குப் பலகையில் மாட்டினேன். பழைய விரிசல் இல்லை. சுத்தமாக இல்லை. ஆனால் குழாயின் அடிவயிற்றுக்கு நேர் எதிரே, மேல்பக்கத்தில், மயிரிழை அளவில் ஒரு கோடு இருந்தது.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அக்கா பிலிமுக்கு மூக்கு ஒட்டுமளவு நெருங்கிப் பார்த்தார். பிறகு என் முதுகில் ஓங்கி அடித்தார்.

"இது புதுசுடா."

"தோத்துட்டோம்க்கா."

"தோத்தது தெரியுது. பதினோரு தடவை ஒரே காரணத்தால தோத்தேன். இன்னைக்கி வேற காரணத்தால தோத்திருக்கேன். அடுப்பு அடியில மட்டும் எரிஞ்சுச்சு, மேல்பக்கம் ஆறிப்போச்சு. சுத்திலும் சூடு குடுத்தா வராது." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. முந்தைய ஆர்டர்களில் தேறினேன் என்று என் அறையைத் தாண்டிப் போனவர்கள் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

கிரிதரன் சாருக்குக் கோட்டின் புதுமையில் அக்கறை இல்லை. குறை குறைதான். மூன்று மணிக்கு மாற்று ஆபரேட்டர் வருகிறார் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்.

மூன்று மணிக்கு என் அறைக்குள் வந்தவர் சாம்பசிவம் என்ற பெரியவர். சாந்தமான முகம், கையில் துணிப்பை. பின்னால் கிரிதரன் சார். சுவரோரம் அக்கா கைகட்டி நின்றார். வாசலில் வெல்டர்கள் கூடிவிட்டார்கள். சாம்பசிவம் பட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தம்பி. தலையணைய இடது பக்கம் வச்சுடறேன். உங்களுக்குக் கழுத்து வலது பக்கம் சாஞ்சா வலிக்கும் இல்லையா?"

எனக்கு அப்படித்தான் வலிக்கும். ஆனால் அவரை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"நாம சந்திச்சதே இல்லையே சார்," என்றேன்.

அவர் கை நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு கிரிதரன் சாரைப் பார்த்தார்.

என் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் கைப்பிடிக்கு அடியில் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. என் காய்ச்சலும் மூன்று. வெல்டர் பஞ்சின் மூலையால் தட்டிய குழிகள். தட்டியவன் நானாகத்தான் இருக்கவேண்டும். இத்தனை நாளாக அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மூணு தடவையா?" என்று கேட்டேன்.

"நான் சொல்லக்கூடாது தம்பி."

"சொல்லுங்க சார். இன்னும் அரைமணி நேரத்துல எடுக்கத்தானே போறீங்க."

அந்தப் பெரியவர் பட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "மூணு தடவையும் இந்தம்மா விஷயம்தான். இவங்களுக்கு இனிமே போடமாட்டேன்னு நீங்க அடம்பிடிச்சீங்க. வேலை போயிடும்னு சொன்னாங்க. ராத்திரி பூரா யோசிச்சுட்டு வந்து, கடைசியில வெரல் வச்சீங்க. ஒவ்வொரு தடவையும் வச்சீங்க. மேஜையில மாத்திரை அட்டைய வச்சது நான்தான்."

தவறே செய்யாதவன் என்ற என் கர்வம் அங்கே முடிந்தது. ஆனால் அது முடிந்த இடத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று முறை நான் மறுத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான், அதைத் தவறு என்று எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்று முறை பணிந்தும் இருக்கிறேன். அதையும் எடுத்துக்கொண்டு போனதால்தான் மூன்றாவது முறையும் பணிந்தேன். ஒருதடவை பணிந்ததன் கசப்பு நாக்கில் இருந்திருந்தால் அடுத்த தடவை நின்றிருப்பேனோ என்னவோ. அந்த வாய்ப்பை எனக்குத் தரவில்லை.

"உக்காரு குணாளன்," என்றார் கிரிதரன் சார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

"மாட்டேன் சார்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே."

"அதை எனக்குச் சொல்லிட்டீங்கல்ல, அதனால இந்தத் தடவை மாத்திச் செய்யறேன்." கைகளைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். பெருவிரல் பத்திரமாக உள்ளே இருந்தது. "வேலை போனா போகட்டும். எதுக்காகப் போச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கும்."

"கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டிருக்கீங்க ரெண்டு பேரும்."

"போட்டிருக்கோம் சார். நீங்களும்தான் போட்டிருக்கீங்க."

அவர் புருவத்தை உயர்த்தினார்.

இதைச் சொல்வது குற்றம். ஆறு வருடமாக நான் காத்த ரகசியங்களிலேயே பெரியது. சொன்னேன்.

"இந்த ஆர்டர் தள்ளிப்போற ஒவ்வொரு தடவையும் தலைமை அலுவலகத்துல இருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வரும் சார். நீங்க இதே நாற்காலியில வந்து உக்காருவீங்க. ஏழு தடவை. போன மார்ச்சுல கடைசி. எழுந்து போகும்போது, 'இந்தத் தடவை மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடலாம் குணாளன்'னு சொல்லிட்டுப் போவீங்க. ஏழு தடவையும் அதையேதான் சொன்னீங்க."

கிரிதரன் சார் நின்ற இடத்திலேயே கொஞ்சம் சாய்ந்தார். வேறு இருக்கை இல்லாததால் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் சட்டென்று எழுந்துவிட்டார்.

"மார்ச்சுல எனக்கு டைபாய்டு," என்றார் மெதுவாக. "என் மனைவி சொன்னா."

வாசலில் சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். வெல்டர்கள் கையிலெல்லாம் அறுத்த வளையங்கள். யார் சொன்னார்களோ, எல்லோரும் ஸ்கிராப் கொட்டகைக்குப் போய்த் தங்கள் தங்கள் எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பதினெட்டாம் நம்பர் இருதயராஜ் ஆறு வளையங்களைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். யாரும் கோஷம் போடவில்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பி அடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தோல்வியைப் பற்றி ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் சத்தத்தை அந்தப் பட்டறையில் அன்றுதான் கேட்டேன்.

சாம்பசிவம் பெரியவர் பட்டையைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ரேகை இல்லாம நான் என்ன பண்ண முடியும்? அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்," என்றார். போகும்போது என் தோளைத் தட்டினார். அவருக்கு என்னை நான்கு முறை தெரியும், எனக்கு அவரை ஒருமுறைதான்.

கிரிதரன் சார் அக்காவிடம் கேட்டார். "சுத்திலும் சூடு குடுத்தா சரியாயிடுமா?"

"தெரியாது சார். பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். தப்பா வந்தா ஏன்னு பாப்போம்."

"டீ நேரத்துக்கு கேஸை யார் பார்த்துக்கறது?"

"ஆள் மாத்தி ஆள் நிப்போம்."

அவர் தலையாட்டினார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பதிமூன்றாவது வளையமும் தோற்றது. சுற்றிலும் பர்னர் வைத்தோம், ஒன்றின் மூக்கு அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. பதினாலாவதன் பிலிமை விளக்குப் பலகையில் மாட்டியபோது இருபத்திரண்டு தலைகள் முட்டிக்கொண்டன. கோடு இல்லை, புள்ளி இல்லை. அக்கா ஹெல்மெட்டை மாட்டி முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே அழுதார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெனிட்டாவுக்குப் போன் போட்டுப் பேசியபோதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "பதினாலாவதுல பாசுடி," என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று தெரியாது. "ஆமா, பதினாலு. எண்ணிப் பாத்துக்க, இனிமே எல்லாத்தையும் எண்ணிக்கணும்," என்றார் அக்கா.

குழாய்கள் மாதக் கடைசிக்குள் போகவில்லை. அதற்கடுத்த மாதம் போயின. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. என் வேலையும் அக்காவின் வேலையும் இன்னும் தொங்கலில்தான். கிரிதரன் சார் பதில் எழுதுகிறார், எழுதுகிறார், முடித்தபாடில்லை. ஆனால் எட்டாவது முறை அவர் விரல் வைக்கவில்லை.

தேறிய வளையத்தை மின்நிலையத்துக்காரர்கள் சான்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களிடம் தங்கியது தோற்றவை மட்டும்தான். வாசல் பலகைக்குக் கீழே ஆணி அடித்து, எண்வாரியாக மாட்டினோம். நாற்பத்தேழுக்குப் பதிமூன்று. இருதயராஜுக்கு ஆறு. பலகையைக் கழற்றவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், வருகிறவன் மேலேயும் கீழேயும் படித்துக்கொள்ளட்டும் என்றார் அக்கா.

கடைசி ஆணிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நான் என் அறைக்குப் போய் ஸ்பேனரால் நாற்காலியின் இடது கைப்பிடியைக் கழற்றி எடுத்து வந்தேன். அடிப்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினேன்.

அக்கா மூன்று குழிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "மூலை ஒடிஞ்ச எம்பஞ்சை எடுத்துத்தான் குத்திருக்க," என்றார். "எழுதி வச்சிருக்கலாம்ல? வெறும் குழியப் பாத்தா எவனுக்குப் புரியும்?"

"அதான் தப்பு பண்ணிட்டேன்க்கா."

"மூணு தடவையும் அதே தப்பு."

"நாலாவது தடவை எழுதிட்டேன்," என்றேன்.

நீங்கள் படித்தது அதுதான்.